ஆறு லட்சத்து இருபதாயிரம் டன்

2025 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்கடலில் கிரில் பிடித்துக்கொண்டிருந்த கப்பல்கள் வேலையை நிறுத்தவேண்டி வந்தது. மீன்பிடிப் பருவம் நவம்பர் 30 வரை இருக்கிறது. ஆனால் தென்கடலின் அட்லாண்டிக் பக்கத்துக்கு ஓராண்டுக்கென்று அனுமதித்திருந்த 6,20,000 டன்னும் அதற்குள் பிடித்தாகிவிட்டது. அந்த எண் விதிகளில் இடம்பெற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அது எட்டப்பட்டது இதுவே முதல் தடவை.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கடலில், தாளில் எழுதிய எண் ஒன்று பல நாட்டுக் கப்பல்களை நிறுத்திவிட்டது என்பது ஒரு வாசிப்பு. எண்ணை மீறாமலே, பென்குயின்களும் திமிங்கிலங்களும் இரைதேடும் குறுகிய நீர்ப்பரப்பிலிருந்து அதன் பெரும்பகுதியை அள்ளிவிட முடிந்தது என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மை. ஆண்டுதோறும் பிடி வரம்பு விதிக்கும் முறையை ஆதரிப்பவர்கள் முதலாவதை மட்டும் சொல்கிறார்கள். எதிர்ப்பவர்கள் இரண்டாவதை மட்டும் சொல்கிறார்கள். நான் இந்த முறையின் ஆதரவாளன். ஆகவேதான் அது எங்கே ஓட்டையாக இருக்கிறது என்பதை நெருங்கிப் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

கிரில் என்பது விரல் நீளமுள்ள, இறால் போன்ற உயிர். ஐந்தாறு ஆண்டுகள் வாழும். கோடிக்கணக்கில் திரண்டு நகரும். நீலத் திமிங்கிலத்திலிருந்து அடேலி பென்குயின் வரை, சீல்கள், கடற்பறவைகள், மீன்கள் என்று தென்கடலின் பெரும்பாலான பெரிய உயிர்களின் வயிறு இதை நம்பியே இருக்கிறது. மனிதர்கள் இதை நேராக உண்பது குறைவு. வளர்ப்புப் பண்ணைச் சால்மனுக்குத் தீவனமாகவும், ஒமேகா-3 மாத்திரைக்குள் எண்ணெயாகவும் இது நம் உலகுக்குள் வருகிறது. பிடிப்பில் பெரும்பங்கு நார்வேயுடையது. சீனா, தென்கொரியா, சிலி, உக்ரைன் கப்பல்களும் போகின்றன.

இந்தக் கடலுக்கு வரம்பு விதிக்கும் அமைப்பு, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் ஹோபார்ட் நகரில் இருக்கும் அண்டார்டிகா கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையம். 1980இல் கான்பெராவில் கையெழுத்தான ஒப்பந்தம் 1982இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது 26 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் உறுப்பினர்கள். இந்தியா 1986 முதல் உறுப்பினர்.

ஒப்பந்தம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும். 1969-70 பருவத்தில் சோவியத் கப்பல்கள் தெற்கு ஜார்ஜியா தீவைச் சுற்றி நோட்டோதீனியா ரோஸ்ஸி என்ற மீனைப் பிடிக்கத் தொடங்கின. முதல் பருவத்திலேயே ஏறத்தாழ 4,00,000 டன். இரண்டே பருவத்தில் அந்த மீன் தீர்ந்துபோனது. எழுதப்பட்ட எந்த விதியையும் யாரும் மீறவில்லை, விதி என்று ஒன்று இருந்தால்தானே. 1985இல் அந்த மீனைக் குறிவைத்துப் பிடிக்கத் தடை வந்தது. சீல் வேட்டையும் திமிங்கில வேட்டையும் அதே தீவில் அதற்கு முன்பே இதே கதையை நடத்தி முடித்திருந்தன. யாருக்கும் சொந்தமில்லாத கடலில், முதலில் போனவன் அள்ளிக்கொண்டு, தீர்ந்ததும் அடுத்த உயிருக்குத் தாவுவான். வரம்பு இல்லாத காலம் எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்குத் தெற்கு ஜார்ஜியாவின் துருப்பிடித்த திமிங்கில ஆலைகள் இன்றும் பதிலாக நிற்கின்றன.

ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவை நான் மிகவும் மதிக்கிறேன். பிடிக்கப்படும் உயிர் மட்டும் பிழைத்திருந்தால் போதாது, அதைத் தின்று வாழும் உயிர்களுக்கும் அதற்கும் உள்ள உறவும் குலையக்கூடாது, இரண்டு மூன்று பத்தாண்டுகளில் சரிசெய்ய முடியாத மாற்றம் எதுவும் நேரக்கூடாது என்று அது சொல்கிறது. 1980இல் உலகின் மற்ற மீன்வள ஒப்பந்தங்கள் எவ்வளவு டன் எடுக்கலாம் என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தன. இந்த ஒப்பந்தம் பென்குயினுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டது.

அந்தக் கேள்வி கணக்காக மாறிய விதத்தைக் கவனிக்கவேண்டும். மீன்பிடிப்பே இல்லாவிட்டால் இருக்கக்கூடிய நிறையில் பாதி மிஞ்சினால் போதும் என்பது பிடிபடும் உயிரை மட்டும் பார்க்கும் கணக்கு. முழுவதும் மிஞ்சவேண்டும் என்பது இரைதின்னிகளின் பக்கம் நின்று பார்க்கும் கணக்கு. கிரில்லுக்கு இரண்டுக்கும் நடுவே முக்கால் பங்கு என்று வைத்தார்கள். 20 ஆண்டு பிடித்தாலும் முக்கால் பங்கு மிஞ்சவேண்டும். அதோடு, முட்டையிடும் கூட்டம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே போவதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது. இந்த முக்கால் எந்தப் பென்குயின் கூட்டத்தையும் எண்ணிப் பார்த்து வந்ததில்லை. பாதிக்கும் முழுமைக்கும் நடுப்புள்ளி, அவ்வளவுதான். இருந்தாலும் அது நல்ல முடிவு என்றே சொல்வேன். தெரியாததை ஒப்புக்கொண்டு, பிழை நேர்ந்தால் உயிர்களின் பக்கம் சாயட்டும் என்ற நோக்கம் அதில் இருக்கிறது.

ஆனால் "மீன்பிடிப்பே இல்லாவிட்டால் இருக்கக்கூடிய நிறை" என்பதை எப்படி அறிவது? 2000 ஜனவரி, பிப்ரவரியில் ஜப்பான், ரஷ்யா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நான்கு நாட்டு ஆய்வுக் கப்பல்கள் சேர்ந்து, அட்லாண்டிக் பக்கத்தில் சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டரைக் கோடு கோடாகக் கடந்து, எதிரொலிக் கருவியால் அளந்தன. கருவி ஒலியலையைக் கீழே அனுப்பும். கிரில் கூட்டத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியின் வலிமையைப் பதியும். ஒரு கிரில் எவ்வளவு ஒலியைத் திருப்பும் என்று தெரிந்தால் மொத்தம் எத்தனை என்று கணக்கிடலாம். அந்த ஒரு "எவ்வளவு"வில்தான் சிக்கல். கிரில்லின் உடல் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு கொழுத்திருக்கிறது என்பதைப் பொறுத்து எதிரொலி மாறும்.

முதல் கணக்கில் 4.43 கோடி டன் வந்தது. அதிலிருந்து 40 லட்சம் டன் வரம்பு பிறந்தது. 2007இல் அதே பதிவுகளைத் திருத்திப் பார்த்தார்கள், 3.73 கோடி டன்னாயிற்று, வரம்பு 34.7 லட்சமாக இறங்கியது. 2010இல் மறுபடியும் பார்த்தார்கள். 6.03 கோடி டன், வரம்பு 56.1 லட்சம். கடலுக்குள் யாரும் புதிதாகப் போகவில்லை. 2000ஆம் ஆண்டின் அதே எதிரொலிதான் மூன்று வரம்புகளைத் தந்தது. 2019இல் மீண்டும் அளந்தபோது 6.26 கோடி டன் கிடைத்தது. முந்தைய திருத்தத்தோடு ஒத்துப்போனது மனநிறைவு தருகிறது. ஆனால் பத்தொன்பது ஆண்டு இடைவெளியில் இரண்டே முறை முழுமையாக அளந்த ஓர் உயிருக்கு ஆண்டுதோறும் வரம்பு விதிக்கிறோம் என்பதையும் மறக்கக்கூடாது. கிரில்லின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு பல மடங்கு ஏறி இறங்கக்கூடியது. இளங்கிரில் குளிர்காலத்தைக் கடல்பனியின் அடியில் வளரும் பாசியைத் தின்று கழிக்கிறது. பனி குறைந்தால் அடுத்த தலைமுறை குறையும் என்ற அச்சம் உண்டு. 2023இல் கோடையிலும் குளிர்காலத்திலும் அண்டார்டிகாவின் கடல்பனி, செயற்கைக்கோள் பதிவுகள் தொடங்கியது முதல் காணாத அளவுக்குச் சுருங்கியது.

அடிப்படை நிறையைப் பற்றி இன்னொரு கேள்வியும் எனக்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டில் தென் அரைக்கோளத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. 2000இல் கிரில்லை அளந்தபோது அதைத் தின்னவேண்டிய வாய்களில் பெரும்பகுதி கடலில் இல்லை. இப்போது கூன்முதுகுத் திமிங்கிலங்கள் வெகுவாக மீண்டு வருகின்றன, துடுப்புத் திமிங்கிலங்களும் திரும்புகின்றன. 2022 ஜனவரியில் தெற்கு ஆர்க்னி தீவுகளில் ஒன்றான கொரனேஷன் தீவருகே ஆயிரத்துக்கு நெருக்கமான துடுப்புத் திமிங்கிலங்கள் ஒரே இடத்தில் கூடி இரை தின்றதைப் பார்த்தார்கள். அவற்றின் நடுவே கிரில் கப்பல்கள் வலையிழுத்துக்கொண்டிருந்தன. வீடு காலியாக இருந்த நாளில் எவ்வளவு அரிசி மிஞ்சியது என்று அளந்துவிட்டு, எல்லோரும் ஊர் திரும்பிய பிறகும் அதே அளவை விற்றுக்கொண்டிருக்க முடியாது. கணக்கு வாய்பாட்டில் திமிங்கிலம் திரும்பி வருவதற்கு இடம் இல்லை.

இப்போது 6,20,000க்கு வருவோம். அறிவியல் கணக்கு தந்த வரம்பு 56.1 லட்சம். ஆனால் அதைப் பிடிக்க யாருக்கும் அனுமதி இல்லை. அந்த வரம்பைச் சிறு பகுதிகளுக்குப் பிரித்துக் கொடுக்க ஒரு முறை உருவாகும்வரை 6,20,000ஐத் தாண்டக்கூடாது என்று ஆணையம் வைத்தது. இந்த எண் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு துணைப்பகுதியிலும் அதுவரை ஓராண்டில் பிடிக்கப்பட்ட உச்ச அளவுகளைக் கூட்டினார்கள். எந்த உயிரியல் கணக்கும் அதற்குள் இல்லை. ஆனால் நடைமுறையில் தென்கடலைக் காத்தது அதுதான். எதிரொலிக் கணக்கு மும்முறை மாறியபோதும் இது மாறவில்லை. ஒருவராலும் மறுக்க முடியாத பழைய பதிவேட்டிலிருந்து எடுத்ததால் வாதத்துக்கு இடம் தரவில்லை. நுட்பமான கணக்கைவிட முரட்டுத்தனமான ஒரு தடை நீடித்து நின்றதை மீன்வள மேலாண்மை பயில்பவர்கள் கவனிக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

மொத்த நிறையில் இது சுமார் 1 சதவீதம். கிரில் தொழிலின் விளம்பரங்களில் இந்த 1 சதவீதம் தவறாமல் இடம்பெறும். பொய்யில்லை, ஆனால் கப்பல்கள் மொத்த நிறையிலிருந்து பிடிப்பதில்லை. அவை போவது மூன்று நான்கு இடங்களுக்கு: அண்டார்டிகா தீபகற்பத்தின் நுனியை ஒட்டிய பிரான்ஸ்ஃபீல்டு நீரிணை, கொரனேஷன் தீவின் வடமேற்கு, குளிர்காலத்தில் தெற்கு ஜார்ஜியாவின் வடகரை. கிரில் அடர்ந்து நிற்கும் இடங்கள் அவை. அதனாலேயே பென்குயின்களும் அங்கேதான் இருக்கின்றன. குஞ்சு வளர்க்கும் பென்குயின் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்வர முடியாது. சில பத்துக் கிலோமீட்டருக்குள் இரை தேடிக்கொண்டு கரை திரும்பவேண்டும். அந்த வட்டத்துக்குள் கிரில் குறைந்தால், கடலின் மறுகோடியில் எத்தனை கோடி டன் மிதந்தாலும் குஞ்சுக்கு என்ன பயன்?

நவீன கிரில் கப்பல் வேலைசெய்யும் விதத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பழைய முறையில் வலையை இறக்கி, இழுத்து, மேலே தூக்கிக் கொட்டவேண்டும். புதிய முறையில் வலை நீரிலேயே கிடக்கும். அதன் அடிமுனையில் பொருத்திய குழாய் வழியாகக் கிரில்லை ஓயாமல் கப்பலுக்குள் உறிஞ்சுவார்கள். உள்ளே ஆலை ஓடும். மாவும் எண்ணெயும் பிரிந்து வெளிவரும். நாளொன்றுக்குப் பல நூறு டன் கையாளும் கப்பல்கள் உண்டு. நல்ல கூட்டம் ஒன்று கிடைத்தால் அதை விட்டு நகர அவர்களுக்குக் காரணமே இல்லை. கிரில் சீக்கிரம் நசுங்கி, கூழாகி, உடனே பதப்படுத்தப்படுவதால், எவ்வளவு பிடித்தோம் என்பதையே நேரடியாக எடைபோட முடிவதில்லை. தொட்டியின் கொள்ளளவு, குழாயின் ஓட்டவேகம், கிடைத்த மாவின் எடையைப் பெருக்கிப் பார்ப்பது என்று கப்பலுக்குக் கப்பல் வேறுவேறு வழியில் மதிப்பிடுகிறார்கள். எல்லாம் சேர்ந்துதான் 6,20,000 ஆகிறது. வரம்பு கடைசி டன்வரை துல்லியமாகத் தெரிகிறது. அதோடு ஒப்பிடப்படும் பிடிப்போ மதிப்பீடுகளின் கூட்டல்.

இடம் குறித்த குறையை ஆணையம் உணராமல் இல்லை. 2009இல் ஒரு துணைவிதி கொண்டுவந்தார்கள். 6,20,000ஐ ஒரே இடத்தில் பிடிக்கக்கூடாது. தீபகற்பம் அடங்கிய 48.1 பகுதியில் 25 சதவீதம், தெற்கு ஆர்க்னியின் 48.2இல் 45, தெற்கு ஜார்ஜியாவின் 48.3இல் 45, தெற்கு சாண்ட்விச் தீவுகளின் 48.4இல் 15. கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. பனியும் கிரில்லும் ஆண்டுக்காண்டு இடம் மாறுவதால் கப்பல்களுக்குச் சற்று இடம் விட்டிருந்தார்கள், மொத்த உச்சம் மட்டும் மாறாது. 48.1இன் பங்கு 1,55,000 டன். அது பல பருவங்களில் எட்டப்பட்டு, அந்தப் பகுதி மட்டும் பாதிப் பருவத்தில் மூடப்பட்டது. இதுதான் இந்த முறை நன்றாக வேலைசெய்த காலம் என்பேன்.

அப்போதும் குறை இருந்தது. 48.1 ஒன்றே தமிழ்நாட்டைவிடப் பலமடங்கு பெரியது. அதற்குள் 1,55,000 டன்னும் பிரான்ஸ்ஃபீல்டில் மட்டும் பிடிபடலாம். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, தெற்கு ஷெட்லாண்டு தீவுகளில் முப்பதாண்டுக்கு மேல் சேர்த்த பென்குயின் பதிவுகளை உள்ளூர்ப் பிடிப்போடு வைத்துப் பார்த்தது. சுற்றுவட்டத்தில் பிடிப்பு மிகுந்தபோது பென்குயின்களின் நிலை, மோசமான தட்பவெப்பம் வாய்த்த ஆண்டுகளுக்கு ஒப்பாகத் தாழ்ந்தது. பெரும்பரப்புக்கு முன்னெச்சரிக்கையாகத் தோன்றும் வரம்பு சிறுபரப்புக்கு அப்படி இல்லை என்பது அதன் முடிவு. எல்லா நாட்டு ஆய்வாளர்களும் இதை ஏற்கவில்லை. காலநிலையின் பங்கையும் வலையின் பங்கையும் பிரிப்பது கடினம் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஐயத்தின் பலன் யாருக்குப் போகவேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு ஏற்கெனவே சொல்லியிருக்கிறது.

பெரும்பாலான கிரில் நிறுவனங்கள் 2018இல் தாமாக முன்வந்து, குஞ்சு பொரிக்கும் காலத்தில் பென்குயின் குடியிருப்புகளைச் சுற்றி மீன்பிடிக்காமல் விலகியிருக்க ஒப்புக்கொண்டன. வரவேற்கவேண்டிய செயல். சேராத கப்பலை அது கட்டுப்படுத்தாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அதே கடலில் அதே ஆணையத்தின் கீழ் இன்னொரு தொழில் நடக்கிறது. அதை அருகில் வைத்துப் பார்த்தால் வரம்பு எதை நம்பி நிற்கிறது என்பது புரியும். டூத்ஃபிஷ் என்பது ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் வாழும் பெரிய மீன். ஐம்பது வயது வரை வாழும், நூறு கிலோவையும் தாண்டும். விருந்தகங்களில் சிலியன் சீ பாஸ் என்று பரிமாறப்படுவது இதுதான். ஆயிரங்கால் தூண்டிலில் பிடிக்கிறார்கள். இங்கே எதிரொலிக் கருவி உதவாது. அதற்குப் பதிலாகக் கப்பல்களையே கணக்கெடுக்க வைத்துவிட்டார்கள். பிடித்த மீனில் டன்னுக்கு ஒன்று என்ற விகிதத்தில் காயமில்லாத மீனைத் தேர்ந்து, நீளம் அளந்து, முதுகுத் துடுப்பின் அடியில் எண்ணிட்ட இரண்டு பிளாஸ்டிக் அடையாளங்களைக் குத்தி, கடலில் விடவேண்டும். ஆழத்திலிருந்து இழுத்து வந்தால் பெரும்பாலான மீன்கள் காற்றுப்பை வீங்கிச் செத்துவிடும். டூத்ஃபிஷ்ஷுக்குக் காற்றுப்பையே கிடையாது, அதனால் பிழைத்து மறுபடியும் இறங்கிவிடுகிறது. கணக்கு எளிது. கடலில் அடையாளமிட்ட ஆயிரம் மீன் உயிரோடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மறுவருடம் பிடித்த ஐந்நூறில் ஐந்தில் அடையாளம் இருந்தால், நூற்றுக்கு ஒன்று. ஆகவே கடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் மீன்.

அழகான ஏற்பாடு இது. கப்பல் போகும் இடத்திலேயே அளவெடுப்பு நடக்கிறது, ஒவ்வொரு பருவமும் நடக்கிறது, செலவு தொழிலின் தலையில் விழுகிறது. கப்பல் ஒவ்வொன்றிலும் பார்வையாளர் இருக்கிறார். இதன் பலவீனமும் அங்கேயேதான். கப்பல்கள் போகாத இடத்து மீனைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சிறிய மீன்களை மட்டும் அடையாளமிட்டு, பெரியவற்றைக் குளிர்அறைக்கு அனுப்பும் ஆசை எந்தக் கப்பலுக்கும் வரும். அதனால்தான் பிடித்த மீன்களின் அளவும் அடையாளமிட்ட மீன்களின் அளவும் எவ்வளவு பொருந்துகின்றன என்று ஆணையம் தனியே சரிபார்க்கிறது.

தெற்கு ஜார்ஜியாவின் டூத்ஃபிஷ் வரலாற்றில் ஒரு நிகழ்வு என் வாதத்துக்கு மிக நெருக்கமானது. 1990களில் தூண்டில் இரையைக் கவ்வவந்த அல்பட்ராஸ் முதலிய கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் கொக்கியில் மாட்டி மூழ்கின. அந்தச் சாவை நிறுத்தியது டன் வரம்பு இல்லை. பறவைகள் கூடுகட்டும் கோடையில் தொழிலே கூடாது. இருட்டிய பிறகே தூண்டில் இறக்கவேண்டும். கயிறு சட்டென்று மூழ்க எடை கட்டவேண்டும். கப்பலின் பின்னால் பறவையை விரட்டும் நாடாக்களைப் பறக்கவிட வேண்டும். இந்த நிபந்தனைகள் வந்தபின் பறவைச் சாவு ஏறத்தாழ இல்லாமலே போயிற்று. எவ்வளவு என்ற கேள்வியைவிட எப்போது, எங்கே, எப்படி என்ற கேள்விகள் அந்தப் பறவைகளைக் காப்பாற்றின.

திருட்டு மீன்பிடிப்பு தனிக்கதை. இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். 1990களின் நடுவில் அனுமதியில்லாத கப்பல்கள் பிடித்தது அனுமதித்ததைவிட அதிகமாக இருந்தது. வரம்பு வெறும் தாளாகிக் கிடந்தது. 2000இல் கொண்டுவந்த பிடிப்புச் சான்றிதழ் முறை நிலைமையை மாற்றியது. சான்றிதழ் இல்லாத டூத்ஃபிஷ்ஷைத் துறைமுகம் இறக்கவிடாது, சந்தை வாங்காது. தண்டர் என்ற திருட்டுக் கப்பலை ஒரு தன்னார்வ அமைப்பின் கப்பல் 110 நாள் விரட்டியதும், 2015 ஏப்ரலில் அது ஆப்பிரிக்கக் கரையோரம் மூழ்கியதும் உலகச் செய்தியாயின. ஆனால் துரத்தலைவிடத் துறைமுகத்தில் கேட்கப்படும் காகிதமே கூடுதல் வேலை செய்தது.

இனி இந்த முறையின் ஆழமான குறைக்கு வருகிறேன். ஆணையம் எதையும் ஒருமித்த கருத்தால்தான் முடிவுசெய்யும். ஒரே ஒரு நாடு கூடாது என்றால் விதி இல்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட விதியை எல்லோரும் மதிப்பார்கள் என்பது இதன் பலம். இந்தக் கடலில் போலீஸ் இல்லாததால் அந்தப் பலம் சிறியதில்லை. ஆனால் ஒப்புதல் கிடைக்காத நாளில் கடலில் என்ன விதி நடக்கும்? இந்தக் கேள்விக்கு ஒப்பந்தம் ஒரே பதிலை வைத்திருக்கவில்லை.

2021இல் தெற்கு ஜார்ஜியாவின் டூத்ஃபிஷ் வரம்புக்கு ரஷ்யா உடன்படவில்லை. மற்ற நாட்டு அறிவியலாளர்கள் வரம்பு பாதுகாப்பானதுதான் என்றார்கள். முதிராத மீன்கள் பிடிபடுகின்றன என்றது ரஷ்யா. பல ஆண்டு தடையில்லாமல் நிறைவேறிவந்த விதி காலாவதியானது. வரம்பே இல்லாத நிலையில் தொழிலை மூடியதாகத்தான் பொருள் என்று சிலர் வாதிட்டார்கள். அந்தத் தீவுகளை ஆளும் பிரிட்டன் 2022இல் தன் அதிகாரத்திலேயே உரிமம் கொடுத்தது. அவ்வாறு பிடித்த மீனை ஏற்க அமெரிக்கா மறுத்தது. தீவுக்கு உரிமை கோரும் அர்ஜென்டினா கண்டித்தது. மீனுக்குப் பெரிய கேடு நேர்ந்ததாக நான் சொல்லமாட்டேன். பிரிட்டன் பழைய கணக்கு முறையையே பின்பற்றியது. ஆனால் கூட்டாக வகுத்த வரம்பு என்ற சொல்லின் பொருள் அன்று தேய்ந்தது.

2024இல் கிரில்லின் முறை வந்தது. பகுதிவாரியாகப் பிரித்த அந்தத் துணைவிதி நிரந்தரமானதில்லை. காலாவதித் தேதியோடு எழுதப்பட்டு அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வந்தது. அதற்குப் பதிலாக ஒரு புதிய ஏற்பாடு பேசப்பட்டது: 48.1இல் பிடிக்கும் அளவை நான்கு மடங்குக்கும் மேல் உயர்த்துவது, ஆனால் அதைச் சிறுசிறு பகுதிகளாகவும் பருவங்களாகவும் பிரிப்பது, கூடவே சிலியும் அர்ஜென்டினாவும் முன்மொழிந்த பாதுகாக்கப்பட்ட கடல்பகுதியைத் தீபகற்பத்தில் அமைப்பது. எல்லாம் ஒரே பொட்டலம். பொட்டலத்தை ஏற்க ஒருமித்த கருத்து வரவில்லை. பழைய விதியை நீட்டிக்கவும் வரவில்லை. அது காலாவதியானது.

மொத்த வரம்பான 6,20,000க்குக் காலாவதித் தேதி கிடையாது. ஆகவே எஞ்சியது அது மட்டும். 48.1க்குத் தனிக்கூரை இல்லை என்றானதும் கப்பல்கள் எதிர்பார்த்தபடியே தீபகற்பத்தில் குவிந்தன. பழைய 1,55,000ஐ வெகுவாகத் தாண்டின. 2025 ஆகஸ்டில் மொத்த எண்ணும் தீர்ந்தது. ஒரு கப்பலும் சட்டத்தை மீறவில்லை. ஒதுக்கீடு கப்பலுக்குக் கப்பல் பிரிக்கப்படாமல், ஹோபார்ட்டில் உள்ள செயலகம் பிடிப்பு அறிக்கைகளைக் கூட்டி இன்ன தேதியில் மூடுகிறோம் என்று அறிவிக்கும் ஏற்பாடு இருப்பதால், மூடுவதற்குள் அள்ளிவிடும் ஓட்டப்பந்தயமும் அதில் சேர்ந்துகொண்டது.

இரண்டு நிகழ்வையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். டூத்ஃபிஷ்ஷில் உடன்பாடு முறிந்தபோது விதி எது என்றே தெரியாமல் போயிற்று. கிரில்லில் உடன்பாடு முறிந்தபோது காப்பு தரும் பாதி விழுந்து, அனுமதி தரும் பாதி நின்றது. வரம்பு எத்தனை டன் என்று ஆண்டுதோறும் வாதாடுபவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பேச்சுவார்த்தை முறிந்தால் யாருக்கு லாபம் என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு நாடும் மேசையில் விட்டுக்கொடுக்கும். முறிந்தால் இன்னும் தாராளமாகப் பிடிக்கலாம் என்றால், பிடிக்கும் நாடு உடன்பட எந்த அவசரமும் காட்டாது. முறிந்தால் இறுக்கம் கூடும் என்றால், முதலில் பேனாவை எடுப்பது அந்த நாடாகத்தான் இருக்கும்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. ஆண்டுப் பிடி வரம்பைக் கைவிடவேண்டாம்; 1969இன் தெற்கு ஜார்ஜியாவுக்குத் திரும்ப யாரும் விரும்பமாட்டார்கள். கிரில்லுக்கான புதிய திட்டத்தில் உயர்த்தப்படும் டன்னைவிட, அது எந்தச் சதுரத்தில் எந்த மாதத்தில் பிடிபடும் என்ற பிரிவினைக்கு முன்னுரிமை வேண்டும். பகுதி வரம்புகளில் காலாவதித் தேதி எழுதப்படுமானால், அந்தத் தேதிக்குப் பிறகு அளவு தானாகக் குறையும் என்றும் அதே வரியில் எழுதவேண்டும். தென்கடலில் கிரில் பிடிக்காத உறுப்பினர் நாடுகள் பல இருக்கின்றன, இந்தியா அவற்றில் ஒன்று. 2021இல் கிழக்கு அண்டார்டிகா, வெடல் கடல் பாதுகாப்புப் பகுதி முன்மொழிவுகளுக்கு இந்தியா துணைநின்றது. வலை இல்லாத நாட்டுக்கும் ஒரு முழு வாக்கு இருக்கும் இடம் இந்த ஆணையம். இப்படியொரு வரியை முன்வைக்க டெல்லிக்கு எந்த இழப்பும் இல்லை. 2009இல் எழுதிய துணைவிதியில் அந்த வரி இருந்திருந்தால், 2025இல் தீபகற்பத்தின் கடல் 1,55,000 டன்னுக்கும் கீழேயே மூடப்பட்டிருக்கும்.